அணையை உடையவர் கடமை யாது?

தென்பெண்ணைக் கரையோரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்கைப் பார்வையிடச் சென்றபோது, அங்கத்தினர் ஒருவர் நம்மை ஒரு கேள்வி கேட்டார். "அணை சர்க்காருடையது. அங்கே திறந்துவிட்ட நீர் வந்து என் குழித்தறி முழுகினால், நான் யாரைக் கேட்பது?" இக்கேள்விக்கு விடை ஒரு பழைய வழக்கில் தொடங்குகிறது.

அக்காலத்து வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த கார்வேட்டிநகரம் ஜமீனில், பெருமழையால் ஏரிகள் உடைந்து ரெயில் பாதை சேதமுற்றது. சென்னை ரெயில்வே கம்பெனி ஜமீன்தார்மீது நஷ்டஈடு கோரிற்று. தேக்கிய நீர் தப்பி அயலாருக்குச் சேதம் விளைத்தால், தேக்கியவர்மீது தவறு இல்லாவிடினும் அவரே பொறுப்பாளி என்பது 1868-இல் இங்கிலாந்தில் உறுதியான விதி. பிரிவி கவுன்சில் 1874-இல் அவ்விதியை இங்கே ஏற்கவில்லை. ஏரியின்றி இந்நாட்டில் பயிரில்லை. அதைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. ஆதலின் கவனக்குறைவு இருந்தாலன்றி அவர் பொறுப்பாகார் என்பது தீர்ப்பு. ஜமீன்தார் தப்பினார்.

எனில், போதிய கவனம் என்பது எது? நெடுங்காலம் இது வழக்குத்தோறும் வாதிக்க வேண்டிய விஷயமாகவே இருந்தது. 2021 டிசம்பர் 30-ஆம் நாள் அமலுக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் பெரிய அணைகளைப் பொறுத்தவரை இதனை எழுத்தில் வகுத்துவிட்டது. 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகள் யாவும் இதில் அடங்கும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவையும் அடங்கும். ஊர் ஏரிகளிற் பெரும்பாலானவை அடங்கா. உடையவர் என்றால் பட்டாதாரர் மட்டுமல்லர். அணையை நடத்துவோரும் பராமரிப்போரும் உடையவரே. மாநில அரசும் விலக்கன்று.

மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும், வெள்ளம் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், உடையவர் அணையைச் சோதிக்க வேண்டும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். (நாள்வழிப் புத்தகம் எழுதாத சங்கத்தை நாம் எவ்வாறு நோக்குவோம் என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே!) அவசரகாலச் செயல்திட்டம் வகுக்க ஐந்தாண்டு அவகாசம் உண்டு. நமக்கு முக்கியமானது வேறொன்று: கீழ்ப்பகுதி மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு அமைத்து, அது வேலை செய்கிறதா என அவ்வப்போது சோதிப்பதும், எதிர்பார்க்கும் நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் பொதுமக்களுக்கு அறிவிப்பதும் உடையவர் கடமையாகும்.

இதன் அருமை நம் சாத்தனூரில் விளங்கிற்று. 1958-இல் திறக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 119 அடி. 2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையால், விநாடிக்கு 1,68,000 கன அடி வெளியேற்றப்பட்டது. விழுப்புரம், கடலூர் வரை வெள்ளம் பரவிற்று. பலமுறை எச்சரித்ததாக அரசு கூறியது; போதாது என்றனர் எதிர்க்கட்சியினர். அவ்வாதத்தில் நாம் புகவில்லை. ஆயினும் நள்ளிரவில் அலுவலகத்திலிருந்து அலுவலகத்திற்குச் செல்லும் செய்தி, நெசவாளியின் கதவைத் தட்டினாலன்றி எச்சரிக்கையாகாது என்பது நம் கருத்து.

இனி, அங்கத்தினரின் கேள்விக்கு வருவோம். சட்டப்படியான உத்தரவுக்கு இணங்க மறுப்போருக்குச் சிறைத்தண்டனை உண்டு. நஷ்டஈடு பற்றியோ இச்சட்டம் ஒன்றும் சொல்லவில்லை, இது பெருங்குறையே. ஈடு கேட்பவர் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். ஆகையால் எச்சரிக்கை எப்போது, யார் வழி வந்தது, நீர் எந்நேரத்தில் எவ்வளவு உயரம் ஏறியது, எத்தனை தறியும் பாவும் கெட்டன என்பவற்றைச் சங்கக் காரியதரிசி அன்றன்றே எழுதி, இரு அங்கத்தினர் கையொப்பம் பெற்று வைத்தல் வேண்டும். கேட்டவர் தம் வீட்டுச் சுவரிலிருந்த நீர்க்கறையைக் காட்டினார். அதனை அளந்து, தேதியிட்டுச் சங்கப் புத்தகத்தில் எழுதச் செய்தோம்.