சமூக அறிவியல் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?



எஸ்.பி.எம். முடிவு வந்ததும் ஜாசின், அலோர் காஜா பக்கமுள்ள நம் வீடுகளில் ஒரே கேள்விதான்: "அடுத்து என்ன படிக்கப் போற?" பொறியியல், கணக்கியல் என்றால் சந்தோஷம். சமூக அறிவியல் என்றால், "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பார்கள். நான் பொறியியல் மாணவன். ஆனாலும் இந்தக் கேள்வி நம் சமுதாயத்துக்கு முக்கியம் என்பதால் எழுதுகிறேன்.

இது என்ன படிப்பு?

மனிதர்கள் சேர்ந்து வாழும் விதத்தை ஆதாரத்தோடு ஆராயும் படிப்பு. வரலாறு, பொருளியல், சமூகவியல், உளவியல் எல்லாம் இதில் அடங்கும்.

நம் தோட்டத்துக் கதையே இதற்கு நல்ல உதாரணம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். லயத்து வீட்டில் இருந்தவர்களுக்கு வேலை போனால் வீடும் போச்சு. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். அதுவரை வாய்ப்பேச்சாக இருந்த துயரம் கணக்காகப் பதிவானது. 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சேர்த்த பணத்திலேயே தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஒருவர் பிரச்சினையை அளந்து காட்டினார். இன்னொருவர் அதற்கு ஒரு வழி செய்தார். இரண்டுமே தேவை.

எங்கே படிப்பது?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் சமூக அறிவியல் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். நம் மலாக்காவில் மஸ்ஜித் தானா, ஜாசின் போன்ற இடங்களில் உள்ள கோலேஜ் கொமுனிட்டி வேறு மாதிரி. அங்கே கைத்தொழில் திறன்தான் முக்கியம். அதுவும் நல்ல வழிதான். ஆனால் சமூக அறிவியலுக்கு, செலவு குறைந்த வழி அரசாங்கப் பள்ளியின் ஆறாம் படிவம். மூன்று தவணை. பொது அறிவுப் பாடமான பெங்காஜியான் ஆம் கட்டாயம். அதோடு வரலாறு, பொருளியல், புவியியல், தமிழ் போன்றவற்றை, பள்ளியில் இருப்பதைப் பொறுத்து, எடுக்கலாம். மூயெட் ஆங்கிலத் தேர்வையும் மறந்துடாதீங்க.

பிறகு பல்கலைக்கழகம். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1975 முதலே சமூகப்பணிப் பட்டப்படிப்பு இருக்கிறது.

வேலை?

சமூகநல இலாகா அதிகாரி, ஆசிரியர், தொழிலாளர் இலாகா, புள்ளிவிவர இலாகா, பத்திரிகை என்று பல உண்டு. மனநல ஆலோசகராக விரும்பினால் அதற்குரிய பட்டம் பெற்று, 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும்.

சம்பளம் மட்டுமா கணக்கு? உதவித்தொகைக்குப் போகும் பாட்டிக்கு மலாய் சரியா வராது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தால் அவர் கதை முழுசா கேட்கப்படும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எந்தக் கதவைத் தட்டணும் என்று சொல்ல ஆள் இருக்கும். அந்த நாற்காலியில் நம்மில் யாராவது உட்கார வேண்டாமா?

கிளைக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

1. உங்கள் தாமானில் பத்து வீட்டில் கேளுங்கள்: எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த வருடம், ஏன் வந்தீர்கள்?
2. பதில்களை அட்டவணையாக எழுதி, பொதுவாகத் தெரிவது என்ன என்று பேசுங்கள்.
3. அதில் ஒரு பிரச்சினைக்கு எந்த இலாகாவை அணுகலாம் என்று கண்டுபிடியுங்கள்.

இந்த வேலை உங்களுக்குப் பிடித்துப்போனால், ஆறாம் படிவ விண்ணப்பத்தைத் தைரியமா நிரப்புங்க. வீட்டில் கேட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்க.