வியாபாரிக்குத் தெரிய வேண்டிய கணக்குச் சொற்கள்



லாபம், முதல், பங்கு, முதலீடு என்னும் சொற்கள் அன்றாடம் நம் வாயில் புழங்குகின்றன. எனினும் ஒருவர் லாபம் என்று சொல்வது மற்றொருவருக்கு வெறும் விற்பனையாக இருக்கிறது. சொல்லின் பொருள் பிசகினால் கணக்குப் பிசகும். கணக்குப் பிசகினால் கடையே ஆட்டங்காணும். ஆகவே இன்றியமையாத சில சொற்களை இப்பாடத்தில் காண்போம். உதாரணத்துக்கு ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். தொகைகள் யாவும் பாடத்துக்காக அமைத்தவை.

1. விற்றுமுதலும் லாபமும்

ஓராண்டில் கல்லாவிலும் கைத்தொலைபேசி வழியாகவும் வந்த பணம், கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலை யாவும் சேர்ந்தது விற்றுமுதல். நம் கடைக்கு அது 360,000 ரிங்கிட் என்க. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கு 65,000; கொள்முதல் 295,000; ஆண்டு முடிவில் இருப்பு 60,000. முதலிரண்டையும் கூட்டி இருப்பைக் கழித்தால், விற்ற சரக்கின் அடக்கவிலை 300,000. விற்றுமுதலில் இதைக் கழிக்க மிஞ்சும் 60,000 ரிங்கிட்டே மொத்த லாபம்.

இது முழுவதும் முதலாளிக்குச் சொந்தமன்று. கடை வாடகை, ஆள் சம்பளம், மின்சாரம், வண்டிச் செலவு ஆகியவற்றுக்கு 36,000 போயிற்று. மீதி 24,000 ரிங்கிட்தான் நிகர லாபம்.

2. எடுப்பு

முதலாளி வீட்டுச் செலவுக்காகக் கடையிலிருந்து எடுப்பது எடுப்பு எனப்படும். இவர் மாதம் 3,000 வீதம் ஆண்டில் 36,000 எடுத்திருக்கிறார். லாபமோ 24,000. எஞ்சிய 12,000 எங்கிருந்து வந்தது? மூலதனத்திலிருந்து வந்தது. கடையில் கூட்டம் இருக்கிறது, கல்லாவில் பணம் புரள்கிறது. ஆயினும் இவர் தம் கைமுதலையே தின்றுகொண்டிருக்கிறார். சரக்குக் கொடுத்தவர்களின் கடன் தவணை இருக்கும்வரை இது வெளியே தெரியாது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

இதற்கு மருந்து எளியது. எடுப்புக்குத் தனி ஏடு வையுங்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஒரு மூட்டை அரிசியையும் அதில் எழுதுங்கள். கடைக்கு ஒரு பாங்கு கணக்கு, வீட்டுக்கு வேறொரு பாங்கு கணக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

3. ஐந்தொகையும் நடைமுறை மூலதனமும்

குறிப்பிட்ட ஒரு நாளில் நமக்குள்ளது எவ்வளவு, நாம் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று காட்டுவது ஐந்தொகை. நம் கடையில் சரக்கு 60,000, வரவேண்டிய கடன் 15,000, ரொக்கமும் பாங்கு இருப்பும் 25,000, ஆக 100,000. சரக்குக்காகக் கொடுக்க வேண்டியது 28,000. கழித்தால் வரும் 72,000 ரிங்கிட் நடைமுறை மூலதனம். வியாபாரத்தை ஓட்டுவது இதுவே. அலமாரி, குளிர்பெட்டி, வண்டி முதலிய நிலையான சொத்துகள் இதில் சேரா.

வியாபார ஜகாத்தைக் கணக்கிடவும் இதுவே அடிப்படை. மலேசியாவில் 85 கிராம் தங்கத்தின் மதிப்பு நிஸாபாகக் கொள்ளப்படுகிறது. அந்த அளவை எட்டி, ஒரு சந்திர ஆண்டும் பூர்த்தியானால் இரண்டரை சதவிகிதம் கடமை. 72,000 ரிங்கிட்டுக்கு அது 1,800 ரிங்கிட். வராக்கடனைக் கழிப்பது போன்ற நுட்பங்களை உங்கள் மாநில ஜகாத் அலுவலகத்திலும், சிங்கப்பூர் அன்பர்கள் முயிஸிலும் கேட்டறிவது நலம்.

4. கூட்டு வியாபாரச் சொற்கள்

முதாரபா: ஒருவர் பணம் தருகிறார், மற்றவர் உழைக்கிறார். லாபத்தைப் பேசிய விகிதப்படி பிரித்துக்கொள்வர். நஷ்டம் வந்தால் அது பணம் தந்தவரைச் சாரும். உழைத்தவருக்கு உழைப்பு வீண். அவருடைய அசட்டையாலோ மோசடியாலோ நஷ்டம் நேர்ந்தால் மட்டுமே அவர் பொறுப்பாளி.

முஷாரகா: இருவருமே முதல் போடுவது. காக்கா 60,000, தம்பி 40,000 போட்டனர் என்க. லாபத்தைச் சரிபாதியாகப் பிரிக்கவும் பேசிக்கொள்ளலாம். ஆனால் 10,000 நஷ்டமானால் முதலின் விகிதப்படி காக்காவுக்கு 6,000, தம்பிக்கு 4,000. இதை முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டால் உறவு கெடாது.

முராபஹா: அடக்கவிலையையும் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லிப் பொருளை விற்பது. 1983-ஆம் ஆண்டு மலேசியாவில் இஸ்லாமிய பாங்கு தொடங்கியபின் இச்சொற்கள் பாங்குப் பத்திரங்களிலும் இடம்பெறலாயின. கையெழுத்திடுமுன் எந்த வகை ஒப்பந்தம் என்று கேளுங்கள்.

5. முதலீடும் அபாயமும்

ஒரு கம்பெனியின் பங்கை வாங்குகிறவர் அதன் சிறு உரிமையாளர் ஆகிறார். கம்பெனி தன் லாபத்தில் பகிர்ந்து கொடுப்பது டிவிடெண்டு. அது லாபத்தைப் பொறுத்ததே அன்றி வாக்குறுதியன்று. மலேசியாவில் ஷரீஅத்துக்கு இணங்கிய பங்குகளின் பட்டியலை செக்யூரிட்டிஸ் கமிஷன் ஆண்டுக்கு இருமுறை வெளியிடுகிறது.

பாங்கில் போடும் வைப்புத்தொகைக்கு மலேசியாவில் ஒருவருக்கு ஒரு பாங்கில் 250,000 ரிங்கிட் வரையிலும், சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் 100,000 வெள்ளி வரையிலும் காப்பு உண்டு. பங்குக்கும் யூனிட் டிரஸ்டுக்கும் அக்காப்பு இல்லை.

"மாதம் நூற்றுக்குப் பத்து நிச்சயம்" என்று எவரேனும் வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருவதை மீண்டும் முதலில் சேர்த்துவந்தால் 100 ரிங்கிட் ஓராண்டில் 313 ரிங்கிட்டைத் தாண்டும். எந்த நேர்மையான வியாபாரம் ஆண்டுதோறும் தவறாமல் இதைத் தரும்? பேங்க் நெகாராவும் செக்யூரிட்டிஸ் கமிஷனும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்கள் வெளியிடுகின்றன. பணம் கொடுக்குமுன் அவற்றைப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பது மட்டும் நற்சான்று ஆகிவிடாது.

பயிற்சி

1. சென்ற மாதம் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு? ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா?

2. மேற்கண்ட கடையில் வரவேண்டிய கடனில் 5,000 வராது என்று உறுதியானால், நடைமுறை மூலதனமும் ஜகாத்தும் எவ்வளவு?

3. "இது முதாரபா, லாப நஷ்டம் எதுவாயினும் மாதம் 800 ரிங்கிட் தருவேன்" என்று ஒருவர் சொல்கிறார். இது முதாரபாவா?

விடை: இரண்டாவதற்கு 67,000 ரிங்கிட்; 1,675 ரிங்கிட். மூன்றாவதற்கு, அன்று, லாப விகிதம் பேசாமல் தொகையை நிச்சயித்தால் அது முதாரபா ஆகாது. முதற்கேள்விக்கு விடை உங்கள் கடையில்தான் இருக்கிறது. இன்று கடை சாத்துமுன் அதைத் தேடிப் பாருங்கள்.