பதுளை மண்ணும் கொட்டியாரக் கடலும்

மூதூர்

அன்புள்ள மருமகளுக்கு,

மழை நாளில் பதுளை ஓயா செம்மண் நிறமாக ஓடுகிறதே, அந்தச் சேறெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டிருந்தாய். ஒரு பங்கு என் ஊருக்கே வருகிறது, பிள்ளை. துன்ஹிந்தை அருவியில் 64 மீற்றர் குதித்து, மகாவலியில் கலந்து, அந்தத் தண்ணீர் இங்கே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. வழியெல்லாம் அடியில் தங்காமல் மிதந்து வந்த களி, உப்புத் தண்ணீர் பட்டதும் திரளத் தொடங்கிவிடும்.

களித்துகள் ஒரு மெல்லிய தகடு. அகலம் ஒரு மில்லிமீற்றரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இராது. அதன் முகத்தில் மறையேற்றம் இருக்கிறது. சுற்றிலும் நேரேற்ற அயன்கள் முகில்போல நிற்கும். நல்ல தண்ணீரில் அந்த முகில் அகன்றிருப்பதால் தகடுகள் ஒன்றையொன்று தள்ளும். உப்பு கூடக்கூட முகில் சுருங்கும். மிக நெருக்கத்தில் மட்டும் வேலைசெய்யும் கவர்ச்சி விசை அப்போது தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு உண்டு. களி திரள்வதற்கு அதில் பத்திலொரு பங்கே போதும்.

நீயே செய்து பார். கான் மண்ணைப் பீலித் தண்ணீரில் கரைத்து, பாரமான மணல் படியவிடு. மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை இரண்டு போத்தலில் ஊற்றி, ஒன்றில் மட்டும் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போடு. எது முதலில் தெளிகிறது என்று பார்.

திரள்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் உப்புப் போத்தலை மெதுவாகக் கலக்கு. துகள்கள் மோதி இன்னும் பெரிதாகும். வேகமாகக் கலக்கினால் உடையும். எவ்வளவு வேகத்தைத் தாங்குகிறதோ அதுதான் அந்தத் திரளின் பலம். உப்பு கூடினால் பலமும் கூடும், ஆனால் ஓரளவுக்குத்தான். முகில் நன்றாக ஒடுங்கிய பிறகு இன்னும் உப்புப் போட்டுப் பெரிய பயன் இல்லை. திரள் பெரிதாவதும் பலமாவதும் ஒன்றல்ல. பெரிய திரளுக்குள் பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் அதுவே முதலில் உடையும். கொட்டியாரத்தில் அலை அடங்கிய நாளில் சேறு படிவதும், காற்றடித்தால் மறுபடி கலங்குவதும் இதனால்தான்.

உப்பு மண்ணைக் கட்டுமென்றால் தோட்டத்தில் போடலாமே என்று எண்ணிவிடாதே. மழை உப்பைக் கழுவிவிடும்; சோடியம் மட்டும் களியில் ஒட்டி நிற்கும். முகில் மறுபடி அகன்று, மண் முன்னைவிட எளிதாகக் கரையும். கல்சியம் அப்படியல்ல. அதற்கு இரட்டை ஏற்றம், ஆகையால் கொஞ்சம் இருந்தாலே தகடுகளை நெருக்கிப் பிடிக்கும். கவ்வாத்து வெட்டும் காலத்தில் தேயிலை மலைக்கு டொலமைட் போடுவது புளிப்பைக் குறைக்கத்தான். அதிலுள்ள கல்சியம் இந்த உதவியையும் செய்கிறது. உங்கள் செம்மண்ணை உண்மையில் இறுக்கிப் பிடித்திருப்பவை அதிலுள்ள இரும்பும் மக்கிய இலைதழையும். சுரண்டியால் மேல்மண்ணை வழித்தெடுத்தால் அந்தப் பிடிப்பும் கூடவே போய்விடும்.

அந்த மண் என் கரைக்கு வருவதைவிட உங்கள் செடியடியில் கிடப்பதுதான் எனக்கு விருப்பம். அடுத்த மழைக்கு முன், லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்திக் கானில் தேங்கிய சேற்றை அப்பாவோடு சேர்ந்து அள்ளி, பாத்தியிலேயே திருப்பிப் போடு.

அன்புடன்,
மாமா