புதிய திட்டம் வரும்போது நாம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

நாட்டின் பெரிய பிரச்சினை ஒன்றைத் தீர்ப்பதற்கு அரசு புதிய முறையொன்றைக் கொண்டு வருகிறது. அதன் குறிக்கோள் நல்லதாக இருக்கலாம். ஆனால் நல்ல குறிக்கோள் மட்டும் போதுமா? நமது கமத்தொழில் வரலாற்றிலிருந்து இரண்டு உதாரணங்களை எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, நெல்லினம் பற்றியது. சுதந்திரம் கிடைத்த காலத்தில் நாட்டுக்குப் போதிய அரிசி விளையவில்லை. 1952இல் குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. அங்கு கலப்பினமாக உருவாக்கப்பட்ட எச்.4 நெல் 1958இல் வெளியிடப்பட்டது. 1962இல் பசளை மானியம் வந்தது. ஆராய்ச்சி, விதைநெல், ஆலோசனை, மானியம் என ஒவ்வொன்றும் படிப்படியாக வந்தன. பழைய இனத்தை உடனே கைவிடும்படி கமக்காரர் கட்டாயப்படுத்தப்படவில்லை.

இரண்டாவது, பசளை பற்றியது. பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குறுதி தரப்பட்டது. ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதற்கும் ஒரே தடவையில் தடைசெய்யப்பட்டது. மக்களின் சுகாதாரமே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அப்போது இருந்தது. போதிய சேதனப் பசளை கையிருப்பில் இல்லை. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தனர். கமக்காரர் வீதிக்கு இறங்கினர். நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 2022 சனவரியில் நெற்செய்கையாளருக்கு நட்டஈடு வழங்குவதாக அரசு அறிவிக்க நேர்ந்தது.

சேதனப் பசளை தீயதென்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. திட்டத்தை நடத்திய விதமே பிழைத்தது. ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை இவை:

1. இது நமது மண்ணிலும் நீரிலும் சிறிய அளவில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டதா?
2. வேண்டிய பொருட்களும் ஆலோசனையும் விதைப்புக்கு முன் கிடைக்குமா?
3. பிழை தெரிந்தால் யாரிடம் முறையிடுவது? எவ்வளவு விரைவில் திருத்துவார்கள்?
4. பயிர் தவறினால் நட்டம் யாருடையது?

நான்காவது கேள்வி இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. சொந்தக் காணியும் மாடும் சேமிப்பும் உள்ளவர் ஒரு போகம் தவறினாலும் ஒருவாறு சமாளிப்பார். கடனுக்கு வாங்கிய விதைநெல்லோடு குத்தகை வயலில் இறங்குபவருக்கு ஒரு போகம் தவறினால் அடுத்த போகமே இல்லை. பரீட்சை செய்து பார்க்கும் சுமையை இவர்கள் தலையில் ஏற்றுவது நியாயமல்ல.

இக்கேள்விகளைத் தனியாக நின்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதுவிப்போம். கமநல சேவை நிலையத்துக்கு அதன் பிரதியைக் கொடுப்போம். புதிய முறையை முதலில் கால் ஏக்கரில் செய்து பார்ப்போம்.

குழுவாகச் சிந்திக்க: கடைசியாக நமது கிராமத்துக்கு வந்த திட்டத்தில் இந்த நான்கில் எதற்குப் பதில் கிடைத்தது? எதற்குக் கிடைக்கவில்லை?