ஊர் மறவா உணவகங்கள்

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாற்றைக் கோவில்களும் கோட்டைகளும் கல்வெட்டுகளும் சொல்கின்றன. பேருந்து நிலையத்தின் எதிரே பல ஆண்டுகள் நடந்து, ஒருநாள் கதவடைத்துப்போன சிற்றுணவகத்துக்கும் அவ்வரலாற்றில் இடம் உண்டு. அங்கே உண்டவர்களின் நினைவில் மட்டுமே வாழும் அந்த வரலாற்றை எவ்வாறு அறிவது, எவ்வாறு எழுதுவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பெயரில் நிற்கும் சத்திரங்கள்

பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கன்னிவாடி அமைந்துள்ளது. பாளையக்காரர் காலத்தில் ஒரு பாளையத்தின் தலைமையிடமாக விளங்கிய ஊர் இது. இதற்கு மேலே மலையில் பன்றிமலை, ஆடலூர், தாண்டிக்குடி முதலிய ஊர்கள் உள்ளன. காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவை அங்கே விளைகின்றன. இப்பகுதியை ஒட்டிச் செல்லும் திண்டுக்கல் – பழனி சாலையில் பயணம் செய்வோர் ஒன்றைக் கவனிக்கலாம். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என அடுத்தடுத்து வரும் ஊர்களின் பெயர்களில் 'சத்திரம்' என்னும் சொல் இடம்பெற்றிருக்கிறது.

வழிநடைப் பயணிகள் தங்கி இளைப்பாறவும் உண்ணவும் கட்டப்பட்டவை சத்திரங்கள். அரசரும் வணிகரும் நிலக்கிழாரும் அவற்றை அறச்செயலாகக் கருதி எழுப்பினர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1802ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தம்பாள் சத்திரம் பயணிகளுக்கு உணவளித்ததோடு கல்விக்கூடமாகவும் விளங்கியது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனியை நோக்கி மக்கள் நடந்து சென்ற வழியில் சத்திரப் பெயர்கள் மிகுந்திருப்பது வியப்பன்று. இருப்புப்பாதையும் பேருந்தும் வந்தபின் சத்திரங்களின் தேவை குறைந்தது; அடுப்புகள் அணைந்தன. ஆயினும் அவற்றின் பெயர்கள் ஊர்ப்பெயர்களாகி நிலைத்துவிட்டன. மூடப்பட்ட ஓர் உணவிடத்தை மக்கள் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்பர் என்பதற்கு இந்தச் சாலையே சான்று.

விலைக்கு உணவு

உணவுப்பண்டங்களை விலைக்கு விற்பது தமிழகத்தில் பழைமையான வழக்கம். மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரிவாகக் காட்டுகிறது. அப்பமும் மோதகமும் விற்போர் அதில் இடம்பெறுகின்றனர். எனினும், முன்பின் அறியாதவர்கள் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து, காசு கொடுத்து, முழு உணவு உண்ணும் பழக்கம் பரவலானது அண்மைக் காலத்தில்தான். பள்ளி, நீதிமன்றம், அலுவலகம், ஆலை ஆகியவற்றை நாடி மக்கள் ஊர்விட்டு ஊர் வந்தபோது, வீட்டுக்கு வெளியே உண்ணவேண்டிய தேவை எழுந்தது.

அத்தேவையிலிருந்து பிறந்தவையே காப்பிக் கிளப்புகளும் மெஸ்களும். விலாஸ், பவன், கபே எனப் பெயர்ப்பலகைகள் பெருகின. புலால் உணவு கிடைக்கும் இடங்கள் 'மிலிட்டரி ஓட்டல்' எனப்பட்டன. காப்பி தமிழர் வாழ்வில் நுழைந்தபோது எழுந்த ஆர்வத்தையும் எதிர்ப்பையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். ஒரு காலத்தில் புதுமையாகவும் ஐயத்துக்குரியதாகவும் இருந்த பானம் பின்னர் விருந்தோம்பலின் அடையாளமாகவே மாறியது.

அடிவாரத்து உணவகம்

கன்னிவாடி போன்ற அடிவார ஊர்களின் உணவகங்களுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. விடியலுக்கு முன்பே விறகடுப்பு எரியத் தொடங்கும். பாய்லரில் வெந்நீர் கொதிக்கும். மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்குவோர் குளிர் நீங்காத கைகளால் கண்ணாடித் தம்ளரைப் பற்றிக்கொள்வர். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்லும் உழவரும், பள்ளிக்கு வரும் ஆசிரியரும், பத்திரப் பதிவுக்கு வந்தவரும் ஒரே பெஞ்சில் அமர்வர். சுவரில் தொங்கும் கரும்பலகையில் அன்றைய பலகாரங்களின் பெயரும் விலையும் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும்.

அங்கே உணவோடு வேறு பலவும் கிடைத்தன. ஒரே நாளிதழைத் தாள்தாளாகப் பிரித்துப் பலர் படித்தனர். கல்லாவில் இருப்பவரிடம் சாவியையும் கடிதத்தையும் பையையும் ஒப்படைத்துவிட்டுச் செல்வது வழக்கம். மழை பொய்த்த ஆண்டில் பலருடைய கணக்கு, நீண்ட நோட்டு ஒன்றில் அறுவடை வரை காத்திருந்தது. வேலை தேடுபவருக்குத் தகவலும், பெண் பார்க்க வந்தவருக்கு விசாரணையும், பேருந்தைத் தவறவிட்டவருக்கு இரவு படுக்கத் திண்ணையும் அங்கேதான் கிடைத்தன. 'அண்ணே, வழக்கம்போல' என்று சொன்னால் போதும். என்ன வேண்டும் என்பது பரிமாறுபவருக்குத் தெரியும். தன்னை ஒருவர் அறிந்து வைத்திருக்கிறார் என்னும் அந்த நிறைவை உணவுப்பட்டியலில் விலையிட்டு எழுத முடியாது. இத்தகைய உணவகம் மூடப்படும்போது ஊர் தன் பொதுத்திண்ணையை இழக்கிறது.

மரநிழலில் ஓர் உணவகம்

பெருநகரிலும் இவ்வாறு ஓர் உணவகம் பொதுத்திண்ணையாக விளங்கியது. சென்னை கதீட்ரல் சாலையில் 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்' அது. உடுப்பி வட்டாரத்திலிருந்து வந்து, எளிய வேலைகளில் தொடங்கி, உட்லண்ட்ஸ் உணவகங்களை நிறுவியவர் கே. கிருஷ்ணராவ். மரங்கள் அடர்ந்த தோட்டத்தின் நடுவே அவர் அமைத்த இவ்வுணவகத்தில், மகிழுந்தை விட்டு இறங்காமலேயே உண்ணலாம். பரிமாறுபவர் வண்டியின் கதவில் ஒரு தட்டைப் பொருத்தி, அதன்மேல் சிற்றுண்டியையும் காப்பியையும் வைத்துச் செல்வார். வண்டியில்லாதவர்கள் உள்ளே சென்று அமர்ந்தனர்.

எழுத்தாளர், இதழாளர், மாணவர், மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் எனப் பலர் அதை நாள்தோறும் நாடினர். அலுவலகம் இல்லாதவர்களுக்கு அதுவே அலுவலகம். ஒரு கோப்பைக் காப்பியுடன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்திருக்கச் சொல்வார் எவருமிலர். உணவகம் இயங்கிய நிலம் குறித்து எழுந்த நீண்ட வழக்குக்குப் பின், 2008ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கிருந்த முதிய மரங்கள் பூங்காவுக்கு நிழல் தருகின்றன. மகிழுந்து உடையவர்களுக்கும் காப்பிக்குக் காசு உள்ளவர்களுக்கும் நிழல் தந்த இடம் இன்று அனைவருக்கும் திறந்த பூங்காவாக இருக்கிறது. இழப்பையும் பயனையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

நினைவின் மறுபக்கம்

பழைய உணவகங்களைப் பற்றிப் பேசும்போது நம் மனம் சுவையையே முதலில் நாடும். ஆனால், அந்தப் பெஞ்சில் அமர முடியாமல் வெளியே நின்றவர்களும் உண்டு. சாதியின் பெயரால் தனியிடம் ஒதுக்கிய உணவகங்கள் தமிழகத்தில் இருந்தன. 'பிராமணாள்' என்னும் சொல்லைத் தாங்கிய பெயர்ப்பலகைகளை எதிர்த்துப் பெரியார் தலைமையில் திராவிடர் கழகம் போராடியது. 1957ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு நடைபெற்ற மறியல் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. பல மாதங்கள் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில் பலகையிலிருந்து அச்சொல் நீங்கியது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்கு மட்டும் தனிக்குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையோ நெடுங்காலம் தொடர்ந்தது. அதை ஒழிக்கச் சட்டத்தோடு மக்களின் விழிப்புணர்வும் தேவைப்பட்டது.

ஆகவே, ஓர் உணவகத்தைப் பற்றி எழுதுவோர் இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். அங்கே யார் அமர்ந்தார்கள்? யார் அமர முடியவில்லை? இரண்டாம் வினாவை விட்டுவிட்டு எழுதப்படும் நினைவு இனிமையாக இருக்கலாம், வரலாறாக இராது.

| தெரிந்து தெளிவோம் |
| கடைகள், பொது உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றைக் காரணமாகக் காட்டி எவரையும் தடுத்தல் கூடாது என்று இந்திய அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு கூறுகிறது. தீண்டாமையை 17ஆம் பிரிவு ஒழிக்கிறது. |

மூடலும் மீட்சியும்

உணவகங்கள் மூடப்படுவதற்குக் காரணங்கள் பல. வாடகை உயர்கிறது. சாலை அகலமாகும்போது முன்கட்டு இடிபடுகிறது. புறவழிச்சாலை வந்தபின் பேருந்துகளும் லாரிகளும் ஊருக்குள் வருவதில்லை. சமையல் தெரிந்தவர்களும் பணியாளர்களும் கிடைப்பதில்லை. உரிமையாளரின் பிள்ளைகள் படித்து வேறு பணிகளுக்குச் செல்வதும் ஒரு காரணம். இதை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. விடியுமுன் எழுந்து அடுப்பின் முன் நின்ற பெற்றோர் விரும்பியதும் அதுவாகவே இருக்கலாம்.

சில வேளைகளில் பணியாளர்களும் வாடிக்கையாளர்களும் கூடி ஓர் உணவகத்தைக் காத்ததும் உண்டு. காப்பி வாரியம் நடத்திவந்த காப்பி இல்லங்களை 1950களில் மூட முற்பட்டபோது பணியாளர்கள் வேலையிழக்கும் நிலை ஏற்பட்டது. ஏ. கே. கோபாலனின் வழிகாட்டுதலில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். 1957 முதல் 'இந்தியன் காபி ஹவுஸ்' என்னும் பெயரில் தாமே அவற்றை நடத்தினர். கொல்கத்தா கல்லூரித் தெருவில் ஆல்பர்ட் மன்றக் கட்டடத்தில் இயங்கிய காப்பி இல்லம் 1958இல் மூடப்பட்டது. பேராசிரியர்களின் வேண்டுகோளை ஏற்று அவ்வாண்டிலேயே அது மீண்டும் திறக்கப்பட்டது. ஓர் உணவகம் பொதுச்சொத்தாகக் கருதப்படும்போது, அதைக் காக்கும் பொறுப்பையும் பொதுமக்கள் ஏற்கின்றனர் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

நாம் எழுதும் ஊர்வரலாறு

மூடப்பட்ட உணவகத்தை எல்லா நேரங்களிலும் மீண்டும் திறக்க இயலாது. ஆனால் அதன் வரலாற்றைப் பதிவுசெய்ய இயலும். அங்கே உண்டவர்களும் உழைத்தவர்களும் நம்மோடு வாழும்போதே அதைச் செய்தல் வேண்டும். முதலாளியின் பெயர் பலகையில் இருந்தது. மாவாட்டிய பெண், தண்ணீர் சுமந்தவர், இலை எடுத்தவர், விறகு பிளந்தவர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அவற்றையே முதலில் கேட்டு எழுத வேண்டும். இட்டிலியின் விலை, தோசைக்கல்லின் அளவு, சட்டினியின் வகை, திறக்கும் நேரம், கடன் நோட்டின் நடைமுறை ஆகியவற்றைக் குறிக்கலாம். ஒருவர் சொன்னதை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். பழைய நிழற்படம், பில் புத்தகம், திருமண அழைப்பிதழில் இடம்பெற்ற விளம்பரம் முதலியன துணைச்சான்றுகளாகும்.

சத்திரங்களை நம் முன்னோர் ஊர்ப்பெயரில் பொதிந்து வைத்தனர். இன்றைய சிற்றுணவகங்களின் பெயரில் ஊர்கள் தோன்றப்போவதில்லை. அவற்றின் நினைவு நிலைக்க வேண்டுமானால், நாம் எழுதிவைத்தல் ஒன்றே வழி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மூடப்பட்ட உணவகம் ஒன்றைப் பற்றி மூத்தவர் இருவரிடமும், அங்குப் பணியாற்றிய ஒருவரிடமும் நேர்காணல் நடத்தி, இரண்டு பக்க அளவில் தொகுத்து எழுதுக.

2. 'சத்திரம்', 'மடம்', 'தோப்பு', 'சந்தை' ஆகிய சொற்கள் இடம்பெற்ற ஊர்ப்பெயர்களை உங்கள் மாவட்டத்தில் திரட்டிப் பெயர்க்காரணம் காண்க.

மதிப்பீடு

குறுவினா

1. திண்டுக்கல் – பழனி சாலையிலுள்ள ஊர்ப்பெயர்கள் உணர்த்தும் செய்தி யாது?

2. 'மிலிட்டரி ஓட்டல்' – பொருள் தருக.

சிறுவினா

1. அடிவாரத்து உணவகம் ஊரின் பொதுத்திண்ணையாக விளங்கியதை விளக்குக.

2. பணியாளர் கூட்டுறவால் காப்பி இல்லங்கள் காக்கப்பட்ட வரலாற்றைக் கூறுக.

நெடுவினா

'அங்கே யார் அமர்ந்தார்கள்? யார் அமர முடியவில்லை?' – இவ்வினாக்களின் அடிப்படையில் உணவக வரலாற்றை எழுதவேண்டியதன் தேவையைச் சான்றுகளுடன் கட்டுரைக்க.