கையொப்பம் கணினியை விட்டு வெளியேற வேண்டாம்
வலச்சொடுக்குப் பட்டியிலேயே படங்களைச் சுருக்கும் முறை



மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பாலாற்றுச் சோதனைச் சாவடியைக் கடந்தால் மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பாதை தொடங்குகிறது. எழுபத்தேழு மலைகளின் இறைவன் எனப் பக்தர்கள் போற்றும் மாதேஸ்வரரை வழிபடச் சேலம், தருமபுரி, ஈரோடு பகுதிகளிலிருந்து ஆண்டு முழுவதும் தமிழர்கள் செல்கின்றனர். இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள இம்மலை 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன், 1956-இல் மாநில எல்லைகள் திருத்தப்படும் வரை, கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எனவே மலைமீது தமிழும் கன்னடமும் இன்றும் இணைந்தே ஒலிக்கின்றன.

சென்ற முறை நாம் அங்குச் சென்றிருந்தபோது, கோயிலருகே பூசைப்பொருள் கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நாம் வங்கி அலுவலர் என்பதை அறிந்து தம் மடிக்கணினியைக் கொண்டுவந்து காட்டினார். வங்கி எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பிக்க, கைபேசியில் எடுத்த புகைப்படத்தையும் கையொப்பத்தையும் பதிவேற்ற முயன்றிருக்கிறார். கோப்பின் அளவு மிகுதி என்று இணையதளம் மறுத்துவிட்டது. தேடலில் முதலில் வந்த, படத்தை இலவசமாகச் சுருக்கித் தரும் ஏதோ ஒரு தளத்தில் புகைப்படம், கையொப்பம், கூடவே ஆதார் அட்டை ஆகியவற்றையும் பதிவேற்றியிருக்கிறார். சுருங்கி வந்த கையொப்பமோ பக்கவாட்டில் இழுபட்டு, அவருடையதாகவே தோன்றவில்லை.

இதில் இரண்டு இடர்கள் உள்ளன. முகம், கையொப்பம், ஆதார் ஆகிய மூன்றும் ஒருவரிடம் ஒருங்கே சேர்ந்தால், பிறர் பெயரில் கடன் கேட்கவும் சிம் அட்டை வாங்கவும் முயல்வோருக்கு அதுவே முதலீடு. அத்தளத்தை நடத்துபவர் யார், கோப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பார் என்பதை அறிய நமக்கு வழியில்லை. இரண்டாவது இடர், தேர்வறையில் இடும் கையொப்பம் பதிவேற்றிய கையொப்பத்துடன் ஒத்திராவிடில் விண்ணப்பதாரர் தகுதியிழப்பார் என்பது ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளில் இடம்பெறும் விதி. வங்கிக் கணக்கிலும் மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டே ஆவணங்கள் ஏற்கப்படுகின்றன.

இவ்விரண்டையும் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. படத்தைச் சுருக்கும் வேலையை நம் கணினிக்குள்ளேயே, சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தும்போது விரியும் பட்டியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

நீட்சி என்பது என்ன?

விண்டோஸில் ஒரு படக்கோப்பின்மீது வலச்சொடுக்கினால் திற, நகலெடு, நீக்கு முதலிய கட்டளைகள் தோன்றும். இப்பட்டியில் புதிய கட்டளைகளைச் சேர்க்கும் சிறு நிரலே ஷெல் நீட்சி எனப்படுகிறது. படம் காட்டும் செயலிகள் பலவும் இத்தகைய நீட்சியை வழங்குகின்றன. 1996-இல் இர்ஃபான் ஸ்கில்ஜான் வெளியிட்ட இர்ஃபான்வியூ, பிரான்சைச் சேர்ந்த பியர் கூஜ்லே உருவாக்கிய எக்ஸ்என்வியூ ஆகியவை நன்கு அறியப்பட்டவை. தனிப்பட்ட பயன்பாட்டிற்கு இவை இலவசம். வணிக நிறுவனங்கள் உரிமம் பெறவேண்டும். படத்தை வேறு வடிவத்திற்கு மாற்ற விரும்புவோருக்கு இவற்றின் நீட்சிகள் பயன்படும்.

குறிப்பிட்ட அளவுக்குச் சுருக்குவதே நம் தேவை என்பதால், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள இமேஜ் ரீசைசர் என்னும் நீட்சியை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நிறுவும் முறை

1. அமைப்புகளில் சிஸ்டம், அபவுட் என்னும் பகுதிக்குச் சென்று கணினியின் வகையைக் காண்க. பவர்டாய்ஸுக்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 தேவை. எக்ஸ்என்வியூ நீட்சியை நிறுவுவோரும் இதைக் கவனிக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நீட்சியை நிறுவினால் அது பட்டியில் தோன்றாது.

2. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் பவர்டாய்ஸ் எனத் தேடி நிறுவுக. விளம்பரத்தில் வரும் இணைப்பிலிருந்தோ, தொலைபேசியில் யாரோ கூறும் முகவரியிலிருந்தோ எந்தச் செயலியையும் இறக்கக் கூடாது.

3. பவர்டாய்ஸைத் திறந்து இமேஜ் ரீசைசரைச் செயலில் வைக்க. இப்போது படத்தின்மீது வலச்சொடுக்கினால் அதற்கான கட்டளை தெரியும். விண்டோஸ் 11-இல் தெரியாவிடில், பட்டியின் அடியிலுள்ள ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறக்கவும்.

நம் தேவைக்கேற்ப அமைத்தல்

நீட்சியில் சிறியது, நடுத்தரம், பெரியது, கைபேசி என நான்கு அளவுகள் முன்னரே இருக்கும். இவற்றோடு நாமும் புதிய அளவுகளைப் பெயரிட்டுச் சேர்க்கலாம். வங்கித் தேர்வு விண்ணப்பங்களுக்குப் பின்வரும் இரண்டைச் சேர்க்கப் பரிந்துரைக்கிறோம்:

புகைப்படம்: அகலம் 200, உயரம் 230 பிக்சல், கோப்பு 20 முதல் 50 கிலோபைட் வரை.

கையொப்பம்: அகலம் 140, உயரம் 60 பிக்சல்; கோப்பு 10 முதல் 20 கிலோபைட் வரை.

ஒவ்வோர் அளவுக்கும் ஃபிட், ஃபில், ஸ்ட்ரெச் என்னும் மூன்று முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபிட் என்பது முழுப்படத்தையும் விகிதம் மாறாமல் கட்டத்திற்குள் அடக்கும். ஃபில் என்பது விகிதம் மாறாமல் கட்டத்தை நிரப்பி, மிஞ்சும் ஓரத்தை வெட்டும். ஸ்ட்ரெச் என்பது படத்தை இழுத்தோ நசுக்கியோ பொருத்தும். அந்த இளைஞரின் கையொப்பத்திற்கு நேர்ந்தது இந்த மூன்றாவதே. முகத்திற்கும் கையொப்பத்திற்கும் அதை ஒருபோதும் தேர்ந்தெடுக்கலாகாது. முதலில் தேவையான பகுதியை மட்டும் ஏறத்தாழ அதே விகிதத்தில் வெட்டியெடுத்து, பின்னர் ஃபில் முறையைப் பயன்படுத்துவதே நன்று.

மேலும் மூன்று அமைப்புகளைக் கவனிக்கவும். மூலப்படத்தையே மாற்றும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் சுருங்கிய நகல் தனியே உருவாகும். மூலம் பாதுகாப்பாக இருக்கும். சிறிய படத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்னும் விருப்பம் இயக்கத்திலேயே இருக்கட்டும். மெட்டாடேட்டாவை நீக்கும் விருப்பத்தை இயக்கினால், கைபேசி படத்தோடு சேர்த்துவைத்த இடக்குறிப்பு போன்ற விவரங்கள் நகலில் இராது.

கிலோபைட் கணக்கு

பிக்சல் சரியாக இருந்தும் கிலோபைட் பொருந்தாமல் போகலாம். நீட்சியின் அமைப்பில் ஜேபெக் தரம் என்னும் எண் 90 என இருக்கும். கோப்பு பெரிதாக இருந்தால் 80-க்குக் குறைக்கவும். சிறிதாக இருந்தால் 100 வரை உயர்த்தவும். கையொப்பம் 140, 60 என்னும் அளவில் 10 கிலோபைட்டுக்கும் கீழே போய்விடுவது வழக்கம். அறிவிப்பில் இவ்வளவு விரும்பத்தக்கது என்றே குறிக்கப்பட்டிருந்தால், அதே விகிதத்தில் 280, 120 என்று மற்றோர் அளவைச் சேர்த்து முயலலாம். எது கட்டாயம், எது விரும்பத்தக்கது என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் படித்தறிக.

கையொப்பத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் இடவேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதிய கையொப்பம் ஏற்கப்படாது.

இறுதியாகச் சில எச்சரிக்கைகள்

பிறர் கணினியிலோ இணைய மையத்திலோ வேலை செய்தால், முடிந்ததும் மூலத்தையும் நகலையும் ஷிஃப்ட், டெலிட் விசைகளைச் சேர்த்து அழுத்தி நீக்குக. ஆதார் எண் முழுதும் தேவைப்படாத இடங்களில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கவும். அறியாத தளத்தில் ஏற்கெனவே ஆவணங்களைப் பதிவேற்றியவர்கள் ஆதாரின் உயிரியளவைப் பூட்டி வைக்கலாம். கணக்குக் குறுஞ்செய்திகளையும் தவறாமல் கவனிக்க வேண்டும். பண இழப்பு நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்கவும்.

அந்த இளைஞர் நாம் கூறியவாறு கடையில் அமர்ந்தே நீட்சியை நிறுவி, புதிதாக இட்ட கையொப்பத்தைச் சுருக்கிக் காட்டினார். இம்முறை அது அவருடைய கையொப்பமாகவே இருந்தது. ஆயினும் முன்பு பதிவேற்றிய ஆதார் படத்தைத் திரும்பப் பெற அவருக்கோ நமக்கோ வழியில்லை. அதனால்தான், ஆவணம் கணினியை விட்டு வெளியேறுவதற்கு முன்பே இப்பாடத்தைக் கற்றுக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.