காட்சிக் கல்வி

கற்றல் என்னும் தொழிலுக்குச் செவியும் நாவும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணைக் கண்ணும் இன்றியமையாததாகும். ஆயினும் எம்போன்ற தமிழ் மாணாக்கர், ஏட்டின்மேல் வைத்த கண்ணை எடாதிருத்தலே கல்வி என எண்ணி, சாலையில் நிற்கும் சிலையையும், சுவரில் தொங்கும் ஓவியத்தையும், அடுக்களையில் இருக்கும் செம்பையும் காணாதே கடந்து செல்கின்றோம். யாமும் அவ்வாறே இருந்தோம். அந்நிலை சிறிது மாறிய வகையை உடன்பயிலும் நண்பர்க்கு எடுத்துரைத்து, இக்காலக் கலைப்பொருள்களைக் காணும் முறை இன்னதென எமக்கு விளங்கிய அளவிற் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் இளமை தொட்டே படம் வரைவதில் விருப்புடையோம். பள்ளியிறுதித் தேர்வு முடிந்தபின், ஓவியக் கல்லூரியிற் சேர விரும்புகின்றோம் என்று வீட்டில் தெரிவித்தபொழுது எம் தந்தையார் சினந்திலர். “அது சோறு போடுமா?” என்று ஒரே வினா வினவினர். விடை அறியாது நின்றோம். பின்னர்த் தமிழ் பயில வந்தோம்; உவந்தே பயில்கின்றோம். தமிழ் சோறு போடும் என அவர் எங்ஙனம் துணிந்தார் என்பதை யாம் இன்றுவரை கேட்டிலம். ஆனால் அவ்வினா மட்டும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

சென்ற நவராத்திரிக் காலத்தில் ஒரு மாலை மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடந்துகொண்டிருந்தோம். வீதியின் ஓரமெங்கும் கொலுப் பொம்மைகள் நிரல்பட வைக்கப்பட்டிருந்தன. கிறிஸ்து பிறப்புத் திருநாளில் எம் வீட்டில் அமைக்கும் குடிலுக்குப் பசு ஒன்று வேண்டியிருந்தது. பழைய பசு காலொடிந்து போயிற்று. கடையிலிருந்த மூதாட்டியார் 120 ரூபாய் என்றார். யாம் 80 என்றோம். அவ்வம்மையார் விலையைப் பற்றி ஒன்றும் பேசாமல், “தம்பி, முதலில் அதைத் திருப்பிப் பார்” என்றார். திருப்பினோம். பசுவின் அடிப்புறத்து உட்குழிவில், உலர்ந்த மண்ணிலே ஒரு பெருவிரலின் சுவடு, கோடுகள் முதலாகத் தெளிவாய்ப் பதிந்திருந்தது.

அப்பொம்மைகள் பண்ணுருட்டி, காஞ்சிபுரம் முதலிய ஊர்களிலிருந்து வருவன. களிமண்ணை முன்னச்சு, பின்னச்சு என்னும் இரண்டினுள்ளும் விரலால் அழுத்தி, இருபாதியையும் பொருத்தி, உலர்த்திச் சுட்டு, வண்ணம் தீட்டுவர். வெளிப்புறத்தை அச்சு ஆக்குகின்றது. உட்புறத்தை விரல் ஆக்குகின்றது. யாம் அதுகாறும் வெளிப்புறத்தையே கண்டிருந்தோம். இறுதியில் 90 ரூபாய் கொடுத்துப் பசுவைப் பெற்றுக்கொண்டு, பேரத்தில் வென்ற மகிழ்ச்சியோடு மீண்டோம். அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை.

அன்றிரவு எம் மனத்தில் மூன்று வினாக்கள் எழுந்தன. ஒரு பொருள் எதனால் ஆயது? எவ்வாறு ஆயது? எதன்பொருட்டு ஆயது? இம்மூன்றையும் வினவிய பின்னரே ‘அழகிது’ என்றேனும் ‘அழகின்று’ என்றேனும் கூறுதல் தகும் எனத் தோன்றியது. இவ்வாறு வினவிக் காண்டல் தமிழர்க்குப் புதிதன்று. திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தில் மக்கள் ஓவியங்களைச் சுட்டி, இவர் யார், அவர் யார் என வினவுதலும், அறிந்தோர் விடை கூறுதலும் பரிபாடலிற் பேசப்படுகின்றன. ஓவியத்தின்முன் வாய் திறவாது நிற்பது மட்டுமே நாகரிகம் என்பது அவர்தம் கொள்கையன்று.

இனி, இம்மூன்று வினாக்களையும் சில பொருள்களின்மேல் வைத்துக் காண்போம்.

முதற்கண் அடுக்களைப் பொருள். காப்பி அருந்தும் பித்தளைத் தம்ளரின் விளிம்பு ஏன் வெளிப்புறமாக மடங்கியிருக்கின்றது? கைப்பிடி இல்லாத அக்கலத்தைச் சூடு மிகுந்த பொழுதும் விரல்நுனியாற் பற்றி எடுத்தற்கு. டவரா ஏன் வாயகன்று தாழ்ந்திருக்கின்றது? ஆற்றுங்கால் சிந்தாமைக்கும், விரைவிற் சூடு தணிதற்கும். இவற்றை வகுத்தவன் பெயரை யாரும் எழுதிவைத்திலர். ஆயினும் வகுத்தவன் அறிவு ஒவ்வொரு நாளும் நம் விரலிற் படுகின்றது. பெயர் தெரிந்த வரலாறும் ஒன்றுண்டு. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினர். இஞ்ஞான்று அரசு கவின்கலைக் கல்லூரி எனப்படுவது அதுவே. அப்பள்ளியில் 1898-ஆம் ஆண்டையொட்டி ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினர். ஏழையர் இல்லந்தோறும் பின்னாளிற் புகுந்த அலுமினியக் கலத்தின் வரலாற்றில் ஓர் ஓவியப் பள்ளிக்குப் பங்குண்டு என்பதை அறிந்தபொழுது யாம் வியந்தோம். கலைப்பள்ளிக்கும் சோற்றுப் பானைக்கும் இடையே எம் தந்தையாரும் யாமும் எண்ணியிருந்த தொலைவு உண்மையில் இல்லை.

இரண்டாவது நிழற்படம். கைப்பேசியால் நாளொன்றுக்கு நூறு படம் எடுக்கும் நாம், படம் எடுத்தலும் காண்டலும் ஒன்றென மயங்குகின்றோம். 1858-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர், சென்னை அரசாங்கத்தின் பொருட்டு மதுரை, தஞ்சை முதலிய ஊர்களிற் படம் எடுத்தனர். மெழுகூட்டிய தாளே அவர்க்குப் படச்சுருள். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளத்தைச் சூழ்ந்துள்ள கல்வெட்டுகளை அவர் அடியடியாக நகர்ந்து படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினர். தமிழ் மாணாக்கராகிய நாம் கல்வெட்டைப் பாடமாக மட்டும் அறிவோம். வெயில் சாய்ந்து விழுங்கால் ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நிற்பதை அப்படம் காட்டுகின்றது. ஒளி ஏற்ற இடத்திற்கு வருந்துணையும் காத்திருத்தலே அக்கலையின் முதற்பாடம் எனலாம். இந்நகரில் 2016-ஆம் ஆண்டு முதன்முறை நடந்த சென்னை ஒளிப்பட ஈராண்டு விழா, படங்களை மக்கள் புழங்கும் பொதுவிடங்களுக்கே கொண்டுசென்று வைத்தது; 2019-இல் கடற்கரைச் சாலையிலுள்ள செனட் மண்டபமும் அதற்கு இடமாயிற்று. வழிப்போக்கரையும் காண்போராக்கிய நன்முயற்சி அது.

மூன்றாவது சிற்பமும் ஓவியமும். மேற்கூறிய கலைப்பள்ளிக்கு 1929 முதல் 1957 வரை தலைவராயிருந்தவர் வங்காளத்துச் சிற்பியாகிய தேவிபிரசாத் ராய் சௌத்ரி. அவர் வடித்த உழைப்பாளர் சிலை 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்டது. நால்வர் பெரும்பாறை ஒன்றை நெம்பி அசைக்கின்றனர். தலைவர் பலர் சிலையாய் நிற்கும் கடற்கரையிலே பெயரில்லா உழைப்பாளருக்கும் ஓரிடம் அளித்தது அச்சிற்பம். பேருந்திலிருந்து யாம் அதனை எத்தனையோ முறை கண்டதுண்டு. இறங்கிச் சுற்றிவந்து கண்டது இவ்வாண்டிலேதான். நால்வரும் ஒரே பாறையை அசைப்பினும், ஒருவர் உடல் வளைவது போல மற்றொருவர் உடல் வளையவில்லை. இதனைச் சுற்றிவந்து கண்டாலன்றி அறிதல் அரிது.

அவர்தம் மாணவருள் ஒருவராகிய எஸ். தனபால் 1919-இல் இம்மயிலாப்பூரிலேயே பிறந்தவர், நடனமும் ஆடியவர், பின்னர் அக்கல்லூரிக்கே முதல்வரானவர். அவர் வடித்த ஔவையாரைக் காண்போர், பாடப்புத்தகத்தின் ஔவையாரை மறந்து, நெடுவழி நடந்து தளர்ந்த ஒரு மூதாட்டியைக் காண்பர். மற்றொரு மாணவராகிய கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதலாக வரைந்த ‘சொற்களும் குறிகளும்’ என்னும் வரிசையில், எழுத்துப்போலத் தோன்றிப் படிக்கவியலாத வரிகளையும், சாதகக் கட்டங்களையும் ஓவியமாக்கினர். எழுத்தைப் பொருளுக்காக மட்டும் நோக்கும் எமக்கு, எழுத்தின் வடிவமே ஓர் அழகு என்பதை அவ்வோவியங்கள் முதன்முதற் காட்டின.

இப்பணிக்கரின் வரலாற்றிலேதான் எம் தந்தையாரின் வினாவுக்கு ஒரு விடை கிடைத்தது. ஓவியம் பயின்று வெளிவரும் இளைஞர், வாழ வழியின்றித் தூரிகையைக் கைவிடுவதை அவர் கண்டனர். ஆதலின் அவரும் அவர்தம் மாணவரும் கூடி, பாத்திக் துணி, தோற்பொருள், உலோகப்பொருள் முதலிய கைவினைகளைச் செய்து விற்றனர். அவ்வாறு திரட்டிய பொருளைக்கொண்டு, 1966-ஆம் ஆண்டில் மயிலைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை அமைத்தனர். பகலின் ஒரு பகுதி கைவினைக்கு, எஞ்சியது கலைக்கு. கைவினை சோறு போட்டது. அச்சோறு கலையை வளர்த்தது. கைவினையும் கலையை வளர்த்தது என்பதற்கு அங்கு வாழ்ந்த பி. வி. ஜானகிராம் சான்றாவர். செப்புத் தகட்டைத் தட்டி எழுப்பி, கம்பிகளை அதன்மேற் பற்றவைத்து அவர் படைத்த கிறிஸ்துவின் உருவங்களில், பாத்திரம் செய்யும் கையின் திறனும் தவம் செய்யும் உள்ளத்தின் அமைதியும் ஒருங்கே காணப்படும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். “அவர் சிலர் வாழ்ந்தனர், எல்லோரும் வாழ்தல் கூடுமோ?” என்பர். கூடும் என்று சொல்ல எமக்குத் துணிவில்லை. மாட வீதியில் அம்மூதாட்டியார்க்கு அக்கடை ஆண்டுக்குச் சில வாரங்களே. மண்ணுக்கும், சூளைக்கும், வண்டிக்கும் கொடுத்தது போக அவர்க்கு எஞ்சுவதிலிருந்தே யாம் 30 ரூபாயைக் குறைத்தோம். அப்பொழுதுதான் எமக்கு ஒன்று புலனாயிற்று. “அது சோறு போடுமா?” என்னும் வினாவைக் கலைஞனை நோக்கியே உலகம் கேட்கின்றது, அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டோர் காண்போராகிய நாமே. நாம் கண்டால், கண்டு மதித்தால், மதித்து உரிய விலை கொடுத்தால் அது சோறு போடும், இல்லையேல் போடாது.

ஆதலின் எம் நண்பர்க்கு யாம் கூறுவது இதுவே. திங்களுக்கு ஒரு மாலை இந்நகரில் ஒரு பொருளைக் காணச் செல்லுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனியாயினும், கோயிலருகே வீட்டு வாயிலில் இட்ட புள்ளிக்கோலமாயினும், பாத்திரக் கடையிலுள்ள குத்துவிளக்காயினும் ஒன்றே போதும். கைப்பேசியைச் சட்டைப் பையிலேயே இருக்கவிட்டு, கால் நாழிகையாவது அதன்முன் நில்லுங்கள். மூன்று வினாக்களையும் வினவுங்கள். செய்தவர் உயிரோடிருந்தால் அவரோடு பேசுங்கள். வாங்கினால் பேரம் பேசாதீர்கள்.

கிறிஸ்து பிறப்பு நாளின் முன்னிரவில் யாம் குடில் அமைத்துக்கொண்டிருந்தபொழுது, எம் தந்தையார் அப்பசுவைக் கையில் எடுத்தார். யாம் வடக்கு மாட வீதியில் நிகழ்ந்ததைச் சொன்னோம். அவர் அதைத் திருப்பி, விளக்கொளியில் அவ்விரற் சுவட்டை நெடுநேரம் நோக்கினர். தம் பெருவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தனர். பின்னர், “அடுத்த ஆண்டு அந்த அம்மாவிடமே ஆட்டுக்குட்டியும் வாங்கு. அந்த முப்பது ரூபாயையும் சேர்த்துக் கொடு” என்று கூறி, பசுவைத் தீவனத் தொட்டியின் அருகே வைத்தனர்.